பல்லி நுழையாத வீடு

வீடு கட்ட வருகிறவர்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். பூஜை அறை எந்த மூலையில் வர வேண்டும், மாமியாரின் கட்டில் எந்த அறையில் வரக் கூடாது, பக்கத்து வீட்டு மாடியைவிட நம் மாடி எவ்வளவு உயர வேண்டும் என்பது வரை வாய் ஓயாமல் சொல்வார்கள். எதற்குப் பயம் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். அந்தப் பயத்தோடுதான் ஆயுள் முழுவதும் அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறார்கள். ஆனாலும் சொல்ல மாட்டார்கள்.

என்னிடம் முதலில் சொன்னவர் ராமலட்சுமி அக்கா. அதைக் கேட்டு நான் ஒரு வீடு கட்டினேன். அந்த வீடு என் மானத்தை ஒரே காலையில் வாங்கியது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மதுரையில் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, ராஜபாளையத்தில் ஒரு கட்டட கான்ட்ராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர்கள் யாரும் இல்லை. அப்பா பஞ்சாலையில் மூட்டை தூக்கினார். அம்மா அதே ஆலையில் கழிவுப் பஞ்சு பிரித்தாள். (ஆகவே எங்கள் வீட்டில் படிப்பு என்றால் நான், நான் என்றால் படிப்பு. தலைக்கனம் இல்லாமல் எப்படி இருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள்.) 'பி. பேச்சியம்மாள், டி.சி.இ.' என்று பலகை எழுதி வாசலில் மாட்டினேன். மாட்டிய கதவைவிடப் பலகை உறுதியாக இருந்தது. காதில் பென்சில், கக்கத்தில் வரைபடச் சுருள், கைப்பையில் அளவு டேப். கோயிலுக்குப் போகும்போதுகூட டேப்பை எடுத்துக்கொண்டு போவேன். திடீரென்று யாராவது எதையாவது அளக்கச் சொன்னால்?

யாரும் சொன்னதில்லை.

ராமலட்சுமி அக்காவும் அவர் கணவர் குருசாமி அண்ணாச்சியும் ஒரு நாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். அண்ணாச்சிக்குப் பேண்டேஜ் துணி வியாபாரம். அய்யனார் கோவிலுக்குப் போகிற சாலையில் மனை வாங்கியிருந்தார். அவர் அறைகளைப் பற்றிப் பேசி முடிக்கும் வரை அக்கா முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஒண்ணு கேக்கணும். சிரிக்கப்படாது. எனக்குப் பல்லின்னா ஆகாது. பல்லி வராத மாதிரி ஒரு வீடு கட்ட முடியுமா?"

என் முதலாளி சிரிக்கவில்லை. அவர்கள் படியிறங்கும் வரை அடக்கி வைத்துக்கொண்டு, அதன் பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். "பேச்சி, இது உன் வீடு. நீயே பாத்துக்கோ" என்றார்.

அவர் கேலியாகச் சொன்னார். நான் பட்டமாக வாங்கிக்கொண்டேன். என் முதல் தனி வேலை!

பழைய வீட்டை ஒரு முறை போய்ப் பார்த்தேன். அக்காவின் பயம் விளையாட்டு இல்லை என்று அங்கேதான் புரிந்தது. அவர் கட்டிலில் குடையை விரித்து, அதற்குள் தலையை வைத்துத் தூங்குவார். மேலே இருந்து விழுந்தால் குடைமேல் விழட்டும் என்று. டியூப் லைட்டில் முட்டை ஓடு தொங்கியது. முட்டை ஓட்டுக்குப் பல்லி பயப்படும் என்று யாரோ சொன்னார்களாம். அந்த ஓட்டின் மேலேயே ஒரு பல்லி சௌகரியமாகப் படுத்திருந்தது.

"எம்புட்டோ பாத்தாச்சு தாயி" என்றார் அக்கா, அந்தப் பக்கம் பார்க்காமலே. "மயில் இறகு வச்சேன். அதுக்குப் பின்னால குடும்பமே நடத்துச்சு. கோயில்ல, கலியாண வீட்டுல, எங்க போனாலும் மொதல்ல அண்ணாந்து மோட்டைத்தான் பாக்கேன். என் சொந்த வீட்டுலயாவது தரையப் பாத்து நடக்கணும்."

அந்தக் கடைசி வாக்கியம் என்னை உலுக்கிவிட்டது. சுருளை விரித்து வரைய உட்கார்ந்தேன்.

மறுநாளே அண்ணாச்சி தனியாக வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஏத்தா, எனக்கும் ஒண்ணு உண்டு. வீட்டுல சொல்லப்படாது. கதவ அடைச்சா எனக்கு மூச்சு முட்டும். செத்த நேரம்கூடத் தாங்காது."

"குளிக்கும்போது, அண்ணாச்சி?"

"தொறந்துதான் போட்டிருப்பேன். பாட்டுப் பாடுவேன். பாட்டுச் சத்தம் கேட்டா ஒருத்தரும் அந்தப் பக்கம் வர மாட்டாவ."

(வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவர் குரல் அப்படி.)

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மனைவிக்கு ஒரு சந்துகூடத் திறந்திருக்கக் கூடாது. கணவனுக்கு ஒரு கதவுகூட மூடியிருக்கக் கூடாது. கல்லூரியில் எனக்குக் காற்றின் வேகத்தையும் மண்ணின் தாங்குதிறனையும் சொல்லிக் கொடுத்தார்கள். குருசாமி அண்ணாச்சியையும் ராமலட்சுமி அக்காவையும் ஒரே கூரைக்குக் கீழே எப்படி வைப்பது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பல்லியிடமிருந்தே தொடங்கினேன். அது எங்கே ஒளிகிறது? காலண்டருக்குப் பின்னால், சாமி படத்துக்குப் பின்னால், ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் விரிசலில். எதற்காக வருகிறது? விளக்கைத் தேடி வரும் பூச்சிக்காக. ஆகவே சாமி படங்களைச் சுவருக்குள்ளேயே பதித்துப் பூசச் சொன்னேன். விளக்குகளையும் சுவருக்குள் பதித்துக் கண்ணாடி போட்டேன். சுவரின் மூலைகளை வளைத்தேன். வெளி ஜன்னல்களுக்கெல்லாம் இறுக்கமான கம்பி வலை. பூச்சிகளுக்கென்று வெளிவாசல் கேட் பக்கம் தள்ளி ஒரு விளக்குக் கம்பம். பூச்சியும் பல்லியும் அங்கே போய் வாழட்டும், அவற்றுக்கும் ஓர் இடம் வேண்டாமா?

அண்ணாச்சிக்காக உள் சுவர்களைக் கூரை வரை எழுப்பவில்லை. ஒரு முழம் கீழே நிறுத்தி, மிச்ச இடத்துக்கு வலை அடித்தேன். எந்த அறையில் நின்றாலும் தலைக்கு மேலே அடுத்த அறையின் வெளிச்சம் தெரியும். கதவை யாராவது சாத்தினால்கூட அவருக்கு மூச்சு முட்டாது.

கம்பி வலை வரத் தாமதமானபோது அண்ணாச்சி தன் கடையிலிருந்து பேண்டேஜ் துணியைக் கொண்டுவந்து எல்லா ஜன்னல்களிலும் இழுத்துக் கட்டிவிட்டார். சாலையில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி, "அண்ணாச்சி, வீட்டுக்கு எங்க அடி? தையல் போட்டாச்சா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். கொத்தனாரோ என்னிடம், "ஏம்மா, இந்தப் பிளானப் பல்லிககிட்ட ஒருதடவ காட்டிட்டா நல்லது. தெரியாம வந்து முட்டிக்கிரப் போவுது" என்றார். நான் எதற்கும் அசரவில்லை.

பால் காய்ச்சி ஒரு மாதம் கழித்துப் போனேன். அக்கா தரையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். குடை வாசல் மூலையில், மழைக்காகக் காத்திருந்தது. "ஒண்ணுகூட இல்ல தாயி" என்று என் இரண்டு கன்னத்தையும் வழித்து நெட்டி முறித்தார். அண்ணாச்சி குளியலறையில் பாடாமலே குளித்தார். குறை சொன்னவள் அவர்கள் மகள் கோமதி மட்டும்தான். "ஏக்கா, சமையக்கட்டுல பெருமூச்சு விட்டா ஹால்ல கேக்கு. எங்கம்மாவத் திட்டணும்னாக்கூட மொட்ட மாடிக்கு ஏற வேண்டியிருக்கு."

அவள் சொன்னதை நான் காதில் வாங்கியிருக்க வேண்டும்.

கோமதிக்கு வரன் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டர். பெயர் சீனிவாசன். கோமதி அவரை உறவினர் கல்யாணம் ஒன்றில் ஏற்கெனவே பார்த்திருந்தாள். அவர் பந்தியில் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடிச் சாம்பார் ஊற்றியதை என்னிடம் அவள் சொன்ன விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. "இது அமையலன்னா நான் வேற யாருக்கும் காப்பித் தட்டு தூக்க மாட்டேன்" என்றாள்.

பெண் பார்க்கும் அன்று அக்கா என்னையும் வரச் சொன்னார். பால்கோவா டப்பாக்களோடு கார் வந்து நின்றது. மாப்பிள்ளை கதவளவு அகலமாக இருந்தார். (கதவை அளந்தவள் நான், எனக்குத் தெரியாதா?) கூடவே அவருடைய அப்பா, அம்மா. எல்லோருக்கும் முன்னால் அவருடைய அத்தை வேலம்மாள். அந்தக் குடும்பத்தில் மற்றவர்கள் பேசுவார்கள், அத்தை முடிவு செய்வார் என்பது அவர் சோபாவில் உட்கார்ந்த தோரணையிலேயே தெரிந்தது.

எல்லாம் நன்றாகப் போனது. கோமதி காப்பி கொடுத்தாள். மாப்பிள்ளை தம்ளரைப் பார்க்காமல் கோமதியைப் பார்த்துக் குடித்ததில் சட்டையில் கொஞ்சம் சிந்தியது. நல்ல அறிகுறி. அண்ணாச்சி, "அப்ப, மேக்கொண்டு பேசலாமா?" என்றார்.

அத்தை கையை உயர்த்தினார். "செத்த பொறுங்க. எங்க வீட்டு வழக்கம் ஒண்ணு உண்டு. பல்லி சொல்லணும். பல்லி சொல்லாம எங்க வீட்டுல ஒரு ஆட்டுக்குட்டிகூட வாங்க மாட்டோம்."

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். அக்கா ஒருவர்தான் தரையைப் பார்த்தார். அவர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. தன் பயத்தைப் பற்றி அவர் மாப்பிள்ளை வீட்டாரிடம் மூச்சுவிடவில்லை. தாய்க்கு இருப்பது மகளுக்கும் இருக்கும் என்று நினைத்துவிடுவார்களே!

காத்திருந்தோம். காப்பி ஆறியது. மாப்பிள்ளையின் அப்பா ஒரு தூக்கம் போட்டு எழுந்தார். என் வளைந்த மூலைகளும், பதித்த விளக்குகளும், படம் தொங்காத வழவழப்பான சுவர்களும் பளபளவென்று மின்னின. சத்தம் மட்டும் இல்லை. எப்படி வரும்? தமிழ்நாட்டிலேயே பல்லி சொல்ல வழியில்லாத ஒரே வீட்டில் அவர்கள் பல்லிக்காகக் காத்திருந்தார்கள்.

"என்னமோ மனசுக்குச் சரியாப் படல" என்று அத்தை முந்தானையை உதறினார். "பொறவு பாப்போம். சொல்லி அனுப்புதோம்."

சொல்லி அனுப்ப மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். சமையலறை வாசலில் நின்ற கோமதி என் கையைப் பிடித்து இழுத்தாள். கண்ணில் நீர் முட்டியது.

"ஏக்கா, உங்க வீடு என் கலியாணத்தக் கெடுத்துட்டு! ஏதாவது பண்ணுங்க!"

உங்க வீடு! நான் கட்டிய வீடு ஒரு கல்யாணத்தைக் கெடுத்தது என்று ஊர் சொல்வதா? டி.சி.இ. பலகையை அப்புறம் விறகுக்குத்தான் போட வேண்டும். எனக்குள் ஏதோ ஒன்று கிளம்பியது. அதற்குப் பெயர் அறிவு என்று அப்போது நினைத்தேன்.

ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் ஸ்டோர் ரூம். நுழைந்து கதவைச் சாத்தினேன். அடுக்கியிருந்த அரிசி மூட்டைகளின் மேல் ஏறி, வலைக்கு நேராக வாயை வைத்தேன். சின்ன வயதில் வகுப்பில் பல்லி மாதிரி சத்தம் போட்டு டீச்சரை ஏமாற்றுவதில் எனக்குப் பெரிய பெயர் உண்டு. நாக்கை அண்ணத்தில் ஒட்டினேன்.

"ச்சு... ச்சு... ச்சு."

அருமையாக வந்தது. என் வடிவமைப்பு அந்தச் சத்தத்தை அலுங்காமல் குலுங்காமல் கொண்டுபோய் ஹாலின் நடுவில் இறக்கி வைத்தது. "ஆகா! சொல்லிட்டுது!" என்று அத்தை தரையில் விரலால் தட்டுவது கேட்டது. நான் மூட்டையின் மேல் நின்று சிரித்துக்கொண்டேன்.

என் திட்டத்தில் நான் ஒரே ஓர் ஆளைத்தான் மறந்திருந்தேன். யாருக்காக அந்த வீட்டைக் கட்டினேனோ, அவரை.

"ஆத்தீ!" என்று ஓர் அலறல். பாத்திரங்கள் உருண்டன. வலை வழியாக எட்டிப் பார்த்தேன். அக்கா சோபாவின் மேல் நின்றுகொண்டிருந்தார். ஒரு கால் சோபாவில், மறுகால் அத்தையின் மடியில். இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, "எங்க இருக்கு? எம்மேல விழுந்துட்டா? பாத்துச் சொல்லுங்களேன்!" என்று கதறினார்.

அதற்குள் இன்னொரு சத்தம். டீப்பாய் கிறீச்சிட்டது. அதன் மேல், பால்கோவா டப்பாவில் ஒரு காலை வைத்தபடி, மாப்பிள்ளை.

அவருடைய அம்மா வாயைப் பிளந்தார். "ஏலே சீனி! நீ எதுக்குல ஏறுத?"

"சும்மா இரும்மா. மொதல்ல அது எங்கன்னு பாரு!"

பி.டி. மாஸ்டரின் குரல் அக்காவின் குரலைவிட ஒரு சுருதி மேலே இருந்தது.

அண்ணாச்சி விளக்குமாற்றோடு ஓடிவந்தார். சுவரைத் தேடவில்லை, மோட்டைத் தேடவில்லை. அவர் கண்ணில் முதலில் பட்டது ஒன்றே ஒன்று. அந்த வீட்டில் யாரும் என்றைக்கும் மூடாத ஒரு கதவு மூடியிருந்தது. "யாருல கதவ அடச்சது?" என்று பாய்ந்து வந்து திறந்தார்.

நான் அரிசி மூட்டையின் மேல் நின்றிருந்தேன். உதடுகள் இன்னும் குவிந்தே இருந்தன. ஹாலில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"பேச்சி, இங்க என்னத்தா பண்ணுத?"

"காத்தோட்டம் சரியா இருக்கான்னு பாத்தேன், அண்ணாச்சி."

அதோடு தப்பித்திருப்பேன் என்றே நினைக்கிறேன். ஆனால் சோபாவின் மேலிருந்து அக்கா அழ ஆரம்பித்தார். "பேச்சி, வீட்டுக்குள்ள பல்லி வந்துட்டே தாயி! இனிமே நான் எங்க போவேன்? அம்புட்டும் வீணாப் போச்சே!"

அது இரண்டு இடத்தில் குத்தியது. ஒன்று, அக்காவின் கண்ணீர். மற்றது, நான் கட்டிய வீட்டுக்குள் பல்லி வந்துவிட்டது என்ற அபாண்டம். முதலாவதுதான் அதிகம் குத்தியது என்று சொல்ல ஆசை.

"வரல!" என்று மூட்டையிலிருந்து குதித்தேன். "என் வீட்டுக்குள்ள எந்தப் பல்லியும் வர முடியாது! அது நான்தான்!"

"எது நீ?" என்றார் அத்தை.

"பல்லி."

செய்து காட்டச் சொன்னார்கள். ஹாலின் நடுவில், தாவணியெல்லாம் தவிட்டோடு, ஒரு குற்றவாளி போல நின்று, "ச்சு... ச்சு... ச்சு" என்றேன். மதுரையில் மூன்று வருஷம் படித்தது இதற்கா என்று ஒரு கணம் தோன்றியது. அக்கா கையைத் தலையிலிருந்து எடுத்தார். அத்தையின் மடியிலிருந்து காலை எடுத்தார். அத்தையின் முகத்தில் இருந்த கோபத்தைப் பார்த்ததும், கோமதியின் கல்யாணம் அவ்வளவுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது டீப்பாயின் மேலிருந்து மாப்பிள்ளை கேட்டார். "அப்ப நெசமாவே இங்க பல்லி கெடையாதா?"

"கெடையாது."

"ஹால்லயா, வீடு பூராவுமா?"

"வீடு பூராவும்."

"பாத்ரூம்ல?"

"பாத்ரூம்லயும்."

அவர் கீழே இறங்கினார். அவர் முகத்தில் நான் அதற்கு முன் கண்டிராத ஒரு சாந்தம். "சுத்திக் காட்டுவீங்களா?" என்றார். பால்கோவா ஒட்டிய காலோடு, நொண்டிக்கொண்டே என் பின்னால் வந்தார். சாமி படத்தின் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். விளக்குக் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சாமான் அறைக்குள் நான் நுழைவதே இல்லை, பையன்களை அனுப்பித்தான் பந்து எடுப்பேன் என்று என்னிடமும், அக்காவிடமும் சொன்னார். அக்கா உடனே தம் குடையைப் பற்றிச் சொன்னார். "குடையா! எனக்கு இது தோணலையே!" என்று அவர் உருகிப்போனார். இருவரும் வருஷக்கணக்கில் பிரிந்திருந்த சொந்தக்காரர்கள் போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். கோமதி என் காதில், "இவிய பொண்ணு பாக்க வந்தாவளா, வீடு பாக்க வந்தாவளா?" என்றாள். ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மாப்பிள்ளை ஹாலுக்குத் திரும்பி, அத்தையின் முன்னால் நின்றார். "அத்தை, எனக்குப் பிடிச்சிருக்கு."

"எது?"

"ரெண்டும்."

அத்தை தன் மடியில் பதிந்திருந்த அக்காவின் கால் தடத்தைத் தட்டிவிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "ஏட்டி, இங்க வா. எந்த மூலைல நின்னு சத்தம் போட்ட?"

எனக்கு அந்த நிலையிலும் வாய் சும்மா இருக்கவில்லை. "தென்மேற்கு மூலை. பிளான்ல ஸ்டோர் ரூம் அங்கதான் வருது."

அவர் விரல்விட்டு ஏதோ கணக்குப் பார்த்தார்.

"கன்னி மூலை. கலியாணத்துக்கு நல்லதுதான்" என்றார் கடைசியில். "பல்லிக்கே வழியில்லாத வீட்டுல பல்லி சொல்லிட்டுதே. இதுக்கு மேல சகுனம் எங்கன போய்த் தேட? தாம்பூலத் தட்ட எடு." எழுந்து போகும்போது என் தலையில் ஒரு குட்டு வைத்தார். அது வலித்தது.

கல்யாணம் நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர்களுக்கு வீடு கட்டும் வேலையும் எனக்கே வந்தது. பல்லிக் கதை எனக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. பஸ் ஏறினால் கண்டக்டரே, "பல்லி இஞ்சினியரம்மா, உள்ள போங்க" என்பார். முதலில் எரிச்சலாக இருந்தது. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டுத்தான் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. பஞ்சு வியாபாரி காதர் பாய்க்கு உயரம் ஆகாது. மாடியில் நெஞ்சளவுக்குக் கட்டைச் சுவர் கேட்டார். வன்னியம்பட்டியிலிருந்து வந்த ஒரு டீச்சருக்கு இடி. படுக்கையறையை வீட்டின் நட்ட நடுவில் வைத்துக் கொடுத்தேன். இதற்கெல்லாம் ஃபோபியா என்று ஒரு பெயர் உண்டு என்பதே எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் நான் பல வீடுகள் கட்டி முடித்திருந்தேன். எந்த ஆளையும் பார்த்து நான் சிரித்ததில்லை. ஹாலின் நடுவில் நின்று பல்லியாகச் சத்தம் போட்டவளுக்கு யாரைப் பார்த்துச் சிரிக்கும் தகுதி இருக்கிறது?

எங்கள் வீட்டில்தான் இன்னும் விடவில்லை. பஸ் ஏறுவதா, அடுத்த பஸ்ஸுக்கு நிற்பதா, கத்தரிக்காயா, வெண்டைக்காயா, எது என்றாலும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்ப்பார்கள். நான் முறைப்பேன். அவர்கள் காத்திருப்பார்கள்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் அப்படித்தான். மாப்பிள்ளை வீட்டார் எல்லாம் பேசி முடித்துவிட்டு, "அப்ப நிச்சயம் பண்ணிருவோமா?" என்று அப்பாவைக் கேட்டார்கள். அப்பா மோட்டைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பி, "நீயே சொல்லு தாயி" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

நான் மாப்பிள்ளையை இன்னொரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். பிறகு நாக்கை அண்ணத்தில் ஒட்டினேன்.

எந்த மூலை என்று யாரும் கேட்கவில்லை.